அப்ஸ்ட்ராக்ட் கிளாஸோடு டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன்: நிலாவெளிப் படகுப் பதிவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

எடுத்துக்கொள்ளும் வேலை சிறியது. இலங்கையின் நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகில் இருக்கை பதியும் ஒரு புரோகிராம். பதிவு முடிந்ததும் பயணிக்குத் தமிழில் எஸ்எம்எஸ் போக வேண்டும். அன்றைய படகுக்கு அன்றே பதிய முடியாது. முதல் நாளே பதிந்திருக்க வேண்டும். இவ்வளவுதான்.

இதில் பதியும் கிளாஸையும் எஸ்எம்எஸ் அனுப்பும் கிளாஸையும் எப்படிப் பிரிப்பது, பிரித்த பிறகு எப்படிச் சேர்ப்பது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். ஒரு கிளாஸுக்குத் தேவையான பொருளை அதுவே உள்ளே உருவாக்காமல் வெளியிலிருந்து கொடுப்பதுதான் டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன். அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் என்பது, சில மெதட்களைப் பெயரளவில் மட்டும் சொல்லி, அவற்றை எழுதும் வேலையைப் பிள்ளைக் கிளாஸ்களுக்கு விடும் கிளாஸ்; அதிலிருந்து நேரடியாக ஒப்ஜெக்ட் உருவாக்க முடியாது. படிகளின் வரிசைதான் இங்கே முக்கியம். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் ஓர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை எழுதிவிடுகிறார்கள். பிறகு அதை எங்கே பொருத்துவது என்று தேடுகிறார்கள். தேவை தெரியாமல் எழுதிய அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் எங்கேயும் சரியாகப் பொருந்தாது.

கோட் மாதிரிகளைத் தமிழ் வரைவாகவே தந்திருக்கிறோம். பைத்தன், ஜாவா, சி ஷார்ப், டைப்ஸ்கிரிப்ட், பிஎச்பி எதில் எழுதினாலும் அமைப்பு இதேதான். மொழிக்கு மொழி நடத்தை மாறும் இடங்களை அந்தந்த இடத்திலேயே குறித்திருக்கிறோம்.

0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிளாஸ், ஒப்ஜெக்ட், கன்ஸ்ட்ரக்டர், இன்ஹெரிட்டன்ஸ் இந்த நான்கும் தெரிந்திருந்தால் போதும். ஃபிரேம்வேர்க் எதுவும் தேவையில்லை. ஸ்பிரிங், லாராவெல், ஆங்குலர் போன்றவை இதைத் தாமாகச் செய்துதரும். ஆனால் கையால் ஒருமுறை செய்து பார்க்காதவர், அவை பிழைச் செய்தி காட்டும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார்.

ஓடும் நிலையில் உள்ள, அழகில்லாத ஒரு கோட் வேண்டும். வெறும் கோப்பிலிருந்து தொடங்காதீர்கள். பிரிக்க வேண்டிய இடம் எது என்பதை ஓடும் கோட்தான் காட்டும்.

டெஸ்ட் ஓட்டும் கருவி ஒன்று வேண்டும். பைத்தனுக்குப் பைடெஸ்ட், ஜாவாவுக்கு ஜேயூனிட், பிஎச்பிக்குப் பிஎச்பியூனிட். இன்டர்நெட் இல்லாமல் டெஸ்ட் ஓட வேண்டும் என்பதுதான் இந்த வேலைக்கான அளவுகோல்.

நாம் திருத்தப்போகும் கோட் இது:

கிளாஸ் படகுப்பதிவு
    மெதட் பதிவுசெய்(பயணி, திகதி, இருக்கை)
        இன்று = கணினியின் திகதி
        திகதி <= இன்று எனில் பிழை
        பதிவேட்டில் சேமி(பயணி, திகதி, இருக்கை)
        அனுப்பி = புதிய எஸ்எம்எஸ்அனுப்பி("ரகசியச் சாவி")
        அனுப்பி.அனுப்பு(பயணியின் இலக்கம், செய்தி)

1. உள்ளேயே உருவாக்கப்படும் பொருட்களைக் குறியுங்கள்

கோட்டை மேலிருந்து கீழாக வாசித்து, வெளியுலகைத் தொடும் ஒவ்வொரு வரியையும் குறியுங்கள். இங்கே மூன்று இருக்கின்றன. கணினியின் திகதியைக் கேட்கும் வரி, பதிவேட்டில் சேமிக்கும் வரி, எஸ்எம்எஸ் அனுப்பியைப் புதிதாக உருவாக்கும் வரி.

குறிக்க வேண்டியவை இவை மட்டுமே. புதிய லிஸ்ட், புதிய ஸ்ட்ரிங், புதிய பயணி ஒப்ஜெக்ட் இவற்றை உள்ளேயே உருவாக்கலாம். அவை வெளியே எதையும் மாற்றுவதில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே விடையைத் தருகின்றன. எல்லாவற்றையும் வெளியிலிருந்து கொடுக்கத் தொடங்கினால் கன்ஸ்ட்ரக்டருக்குப் பத்துப் பதினைந்து உள்ளீடுகள் வந்து, கோட் முன்பைவிடச் சிக்கலாகிவிடும்.

மூன்றையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். எஸ்எம்எஸ்ஸில் தொடங்குங்கள். அதிகம் தொல்லை தருவது அதுதான்: டெஸ்ட் ஓடும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே செய்தி போகும், கணக்கிலிருந்து பணம் போகும்.

2. பயன்படுத்தும் கிளாஸுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். எஸ்எம்எஸ்ஸை வாங்கி அனுப்பித்தரும் கேட்வே நிறுவனத்தின் ஆவணத்தைத் திறந்து, அதில் இருக்கும் மெதட்களை அப்படியே அப்ஸ்ட்ராக்ட் கிளாஸில் இறக்கிவிடுகிறார்கள்: உள்நுழை, டோக்கன் எடு, அனுப்புநர் பெயரைப் பதி, அனுப்பு, மீதியைப் பார். பிறகு கேட்வேயை மாற்றும் நாளில் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸையும் மாற்ற வேண்டி வருகிறது. அப்படியானால் பிரித்ததில் பயனே இல்லை.

படகுப்பதிவு கிளாஸின் பக்கம் நின்று கேளுங்கள். அதற்கு என்ன தேவை? "இந்தப் பயணிக்கு இந்தச் செய்தியைச் சேர்த்துவிடு." ஒரே ஒரு மெதட். டோக்கன், உள்நுழைவு எதுவும் அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

அனுப்ப முடியாமல் போனால் என்ன ஆக வேண்டும் என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். நம் வேலையில் பதிவு ஏற்கெனவே சேமிக்கப்பட்டுவிட்டது. செய்தி போகவில்லை என்பதற்காக இருக்கையைப் பறிக்கக் கூடாது. ஆகவே படகுப்பதிவுக்குத் தேவையானது, தான் பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரே வகைப் பிழை. அதற்கு அனுப்புதல்பிழை என்று பெயர் வைப்போம்.

மெதட்டின் உள்ளீடாகத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்காமல் பயணியையே கொடுங்கள். இலக்கத்தைக் கொடுத்தால், நாளைக்கு மின்னஞ்சல் அனுப்பி வரும்போது அதற்கு முகவரி எங்கிருந்து கிடைக்கும்?

3. அப்ஸ்ட்ராக்ட் கிளாஸா, இன்டர்ஃபேஸா

எல்லா அனுப்பிகளும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டிய பொது வேலை இருந்தால் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ். வெறும் மெதட் பெயர்கள் மட்டும் பொதுவென்றால் இன்டர்ஃபேஸ் போதும்.

ஜாவா 8 முதல் இன்டர்ஃபேஸிலும் உடலோடு கூடிய மெதட் எழுதலாம். ஆனாலும் ஒவ்வொரு ஒப்ஜெக்ட்டுக்கும் உரிய மாறிகளை இன்டர்ஃபேஸில் வைக்க முடியாது, அந்த மெதட்டை மாற்ற முடியாதபடி பூட்டவும் முடியாது. இந்த இரண்டில் ஒன்று தேவைப்பட்டால் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்தான்.

டைப்ஸ்கிரிப்டில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே இன்டர்ஃபேஸ் கம்பைல் ஆனதும் மறைந்துவிடும். ஓடும் நேரத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஆங்குலரின் இன்ஜெக்டருக்கு ஓடும் நேரத்தில் கைக்கு அகப்படும் ஓர் அடையாளம் வேண்டும். அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் மறையாது, ஆகவே அதையே அடையாளமாகக் கொடுக்கலாம். இன்டர்ஃபேஸைக் கொடுத்துவிட்டு "வகையை மதிப்பாகப் பயன்படுத்த முடியாது" என்ற பிழையில் மணிக்கணக்கில் சிக்கிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

அப்ஸ்ட்ராக்ட் கிளாஸின் விலை ஒன்று உண்டு. ஜாவா, சி ஷார்ப், பிஎச்பி, டைப்ஸ்கிரிப்ட் நான்கிலும் ஒரு கிளாஸ் ஒரே ஒரு தாய் கிளாஸிலிருந்துதான் வர முடியும். உங்கள் அனுப்பி ஏற்கெனவே வேறொரு கிளாஸின் பிள்ளையாக இருந்தால், இன்டர்ஃபேஸுக்குப் போவதைத் தவிர வழியில்லை.

4. அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை எழுதுங்கள்

அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் செய்தியனுப்பி
    பூட்டிய மெதட் அனுப்பு(பயணி, செய்தி)
        செய்தி = யூனிகோட் சீராக்கு(செய்தி)
        செய்தி வெறுமை எனில் பிழை
        கொண்டுசேர்(பயணி, செய்தி)
    அப்ஸ்ட்ராக்ட் மெதட் கொண்டுசேர்(பயணி, செய்தி)

வெளியிலிருந்து அழைக்கப்படுவது அனுப்பு. பிள்ளைக் கிளாஸ் எழுத வேண்டியது கொண்டுசேர் மட்டும். பொது வேலை ஒருமுறை, ஒரே இடத்தில். புதிய அனுப்பி எழுதுபவர் அதை மறக்கவே முடியாது, ஏனென்றால் அவர் அந்தப் பக்கம் போவதே இல்லை.

சீராக்கும் வரி ஏன்? தமிழில் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். கோ என்பதை ககரத்தோடு ஒரே குறியாக ஓகாரத்தை வைத்தும் எழுதலாம்; ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் திருகோணமலை என்ற சொல் முதல் விதத்தில் 10 குறிகள், இரண்டாவதில் 11. ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும், தேடினால் கிடைக்காது. யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இது எஸ்எம்எஸ்ஸுக்கும் மின்னஞ்சலுக்கும், நடந்ததைக் குறித்துவைக்கும் லொக்குக்கும் பொது, ஆகவே தாய் கிளாஸில் இருக்கத் தகுதி உண்டு.

எதற்குத் தகுதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். எஸ்எம்எஸ்ஸின் நீள எல்லையைத் தாய் கிளாஸில் வைக்காதீர்கள். இலங்கைத் தொலைபேசி இலக்கத்தைச் சரிபார்க்கும் வேலையையும் வைக்காதீர்கள். மின்னஞ்சலுக்கு நீள எல்லையும் இல்லை, தொலைபேசி இலக்கமும் இல்லை. "இந்த அனுப்பிக்கு இது பொருந்தாது" என்று பிள்ளைக் கிளாஸில் ஒரு வரி எழுத நேர்ந்தால், அந்த வேலை தாய் கிளாஸிலிருந்து கீழே இறங்க வேண்டும்.

பூட்டுவது எப்படி: ஜாவாவில் மெதட்டுக்கு ஃபைனல். சி ஷார்ப்பில் வெர்ச்சுவல் என்று குறிக்காத மெதட் இயல்பாகவே பூட்டியதுதான். பிஎச்பியிலும் ஃபைனல் உண்டு. பைத்தனில் ஃபைனல் என்ற குறிப்பை வகைச் சோதனைக் கருவி மட்டுமே பார்க்கும். ஓடும் நேரத்தில் யாரும் தடுக்க மாட்டார்கள். அங்கே பெயரிடுதலும் டெஸ்டும்தான் காவல்.

தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குள் அப்ஸ்ட்ராக்ட் மெதட்டை அழைக்காதீர்கள். ஜாவாவில் தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது பிள்ளையின் மாறிகள் இன்னும் நிரப்பப்படவில்லை. கொண்டுசேர் ஓடும், ஆனால் சாவி வெறுமையாக (null) இருக்கும். சி பிளஸ் பிளஸ்ஸில் அந்த நேரத்தில் பிள்ளையின் மெதட்டே அழைக்கப்படாது. பிழை கன்ஸ்ட்ரக்டரில் விளைந்து வேறெங்கோ வெடிப்பதால், கண்டுபிடிக்க நேரமாகும்.

பைத்தனில் இன்னும் ஒரு பொறி. ஏபிசி என்ற அடிப்படைக் கிளாஸிலிருந்து வராமல் அப்ஸ்ட்ராக்ட்மெதட் என்ற குறியை மட்டும் போட்டால், அது எதையும் தடுக்காது. முழுமையில்லாத அனுப்பி தடையின்றி உருவாகும். கொண்டுசேர் அழைக்கப்படும்போது தாய் கிளாஸின் வெறும் மெதட் ஓடி, செய்தி போகாமலேயே எல்லாம் முடிந்ததுபோலத் தோன்றும். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.

5. முதலில் போலி அனுப்பியை எழுதுங்கள்

எதையும் வெளியே அனுப்பாமல், அனுப்பச் சொன்னதைக் குறித்துமட்டும் வைப்பதுதான் போலி அனுப்பி. உண்மையான எஸ்எம்எஸ் அனுப்பிக்கு முன்னால் இது. காரணம்: அப்ஸ்ட்ராக்ட் கிளாஸின் வடிவம் சரியா என்பதைச் சில வரிகளில் சோதித்துவிடலாம்.

கிளாஸ் போலியனுப்பி, தாய் செய்தியனுப்பி
    கன்ஸ்ட்ரக்டர்
        போனவை = வெற்று லிஸ்ட்
        தோல்வியடை = இல்லை
    மெதட் கொண்டுசேர்(பயணி, செய்தி)
        தோல்வியடை எனில் அனுப்புதல்பிழை எழுப்பு
        போனவை.சேர்(பயணி, செய்தி)

போலியை எழுதவே கஷ்டமாக இருந்தால் நின்றுவிடுங்கள். டோக்கன் மெதட் ஒன்றுக்கு வெற்றுடல் எழுத வேண்டி வந்தால், இரண்டாம் படியில் கேட்வேயின் வடிவம் உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள். திரும்பிப் போய்த் திருத்துவதற்கு இதுதான் மலிவான நேரம்.

போனவை என்ற லிஸ்டைக் கன்ஸ்ட்ரக்டருக்குள் உருவாக்குங்கள். பைத்தனில் கிளாஸின் உடலில் நேரடியாக எழுதினால் எல்லா ஒப்ஜெக்ட்டுகளும் ஒரே லிஸ்டைப் பகிரும். ஒரு டெஸ்டில் போன செய்தி அடுத்த டெஸ்டிலும் தெரியும். தனியாக ஓட்டினால் தேறும், சேர்த்து ஓட்டினால் தோற்கும் டெஸ்ட்களுக்கு இது ஒரு வழக்கமான காரணம்.

6. கன்ஸ்ட்ரக்டர் வழியாக உள்ளே கொடுங்கள்

கிளாஸ் படகுப்பதிவு
    கன்ஸ்ட்ரக்டர்(அனுப்பி: செய்தியனுப்பி)
        இதன் அனுப்பி = அனுப்பி
    மெதட் பதிவுசெய்(பயணி, திகதி, இருக்கை)
        இன்று = கணினியின் திகதி
        திகதி <= இன்று எனில் பிழை
        பதிவேட்டில் சேமி(பயணி, திகதி, இருக்கை)
        முயன்று பார்: இதன் அனுப்பி.அனுப்பு(பயணி, செய்தி)
        அனுப்புதல்பிழை வந்தால்: லொக்கில் எழுது, பதிவைத் தொடரவிடு

உள்ளீட்டின் வகை செய்தியனுப்பி என்ற தாய் கிளாஸாக இருக்க வேண்டும். எஸ்எம்எஸ்அனுப்பி என்று எழுதினால், வெளியிலிருந்து கொடுத்தாலும் கட்டு அவிழவில்லை.

செட்டர் வழியாக, அதாவது மாறிக்கு மதிப்பு வைக்கும் ஒரு மெதட் வழியாக, பிறகு கொடுக்கலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். கன்ஸ்ட்ரக்டர் முடிந்ததும் ஒப்ஜெக்ட் வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும். செட்டரை அழைக்க மறந்த ஒருநாள், முதல் பயணி பதியும் நேரத்தில்தான் தெரியவரும். ஜாவாவில் அந்த மாறியைப் பிரைவேட் ஃபைனல் ஆக்குங்கள். கொடுக்க மறந்தால் கம்பைலரே நிறுத்திவிடும்.

பைத்தனில் எழுதுபவர்கள் "கொடுக்காவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்பியை எடுத்துக்கொள்" என்று உள்ளீட்டுக்கு இயல்பு மதிப்பு வைக்கிறார்கள். அந்த இயல்பு மதிப்பு, அழைக்கும்போதல்ல, மெதட் வரையறுக்கப்படும்போதே ஒருமுறை உருவாகிவிடும். கோப்பை இம்போர்ட் செய்த உடனே கேட்வே ஒப்ஜெக்ட் உருவாகும், எல்லாப் பதிவுகளும் அதையே பகிரும், டெஸ்டில் கொடுக்க மறந்தால் சத்தமில்லாமல் உண்மையான எஸ்எம்எஸ் போகும். இயல்பு மதிப்பே வைக்காதீர்கள். மறந்தால் பிழை வரட்டும்.

7. உண்மையான எஸ்எம்எஸ் அனுப்பி

சாவி, கேட்வேயின் முகவரி, காத்திருக்கும் நேரம் மூன்றையும் இதன் கன்ஸ்ட்ரக்டர் வாங்கட்டும். சாவியைக் கோட்டுக்குள் எழுதாதீர்கள்.

இலக்கத்தைச் சீராக்கும் இடம் இதுதான். இலங்கைக் கைத்தொலைபேசி இலக்கங்கள் 07 என்று தொடங்கும் 10 இலக்கங்கள். பல கேட்வேகள் கேட்பது முன்னுள்ள 0 இல்லாமல் 94 சேர்த்த 11 இலக்கங்கள். மக்கள் எழுதித் தருவதோ பல விதம்: இடைவெளியோடு, கோட்டோடு, கூட்டல் குறியோடு, 0094 என்று. இலக்கமல்லாத அனைத்தையும் முதலில் நீக்குங்கள். அதன் பிறகே முன்னொட்டைப் பாருங்கள். வரிசை மாறினால் கூட்டல் குறியோடு வந்தது தவறாகக் கழியும்.

நீளத்தைக் கணக்கிடும் இடமும் இதுதான். தமிழ் எஸ்எம்எஸ் ஒரு பகுதிக்கு 70 குறிகள். அதைத் தாண்டினால் பகுதிகளாகப் பிரியும். அப்போது ஒவ்வொரு பகுதிக்கும் 67 மட்டுமே, மீதி இடம் பகுதிகளைச் சேர்க்கும் தகவலுக்குப் போய்விடும். வெறும் ஆங்கில எழுத்தென்றால் 160, பிரிந்தால் 153.

இந்தச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள்: "12ஆம் திகதி காலை 6.00 மணிக்கு நிலாவெளிக் கரையில் நிற்கவும். இருக்கை 4". வெளிக் குறிகளை விட்டு எண்ணினால் 69. ஒரே பகுதி. முன்னால் "வணக்கம்" என்று ஒரு சொல்லும் இடைவெளியும் சேர்த்தால் 77. உடனே இரண்டு பகுதி, இரட்டைக் கட்டணம். மரியாதைக்கு ஒரு சொல் சேர்ப்பது நல்லதுதான், ஆனால் தெரிந்து சேர்க்க வேண்டும்.

எண்ணும்போது எழுத்தை எண்ணாதீர்கள், குறியை எண்ணுங்கள். கு என்பது நமக்கு ஓர் எழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு இரண்டு. பிஎச்பியின் சாதாரண நீள ஃபங்க்‌ஷன் பைட்டை எண்ணும். தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் என்பதால் எல்லைக்குள் இருக்கும் பல செய்திகளையும் எல்லை தாண்டியதாகக் காட்டும். அங்கே மல்ட்டிபைட் ஃபங்க்‌ஷனைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாகப் பிழை. நெட்வேர்க் அறுந்தது, நேரம் கடந்தது, கேட்வே மறுத்தது எல்லாவற்றையும் பிடித்து அனுப்புதல்பிழையாக மாற்றி எழுப்புங்கள்; மூலப் பிழையை அதனுள் காரணமாக இணைத்துவிடுங்கள். அப்படியே வெளியே விட்டால் படகுப்பதிவு கிளாஸ் எச்டிடிபி நூலகத்தின் பிழை வகையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டி வரும். முன்கதவில் பிரித்ததைப் பின்கதவில் சேர்த்ததாகிவிடும்.

8. ஒரே இடத்தில் கோர்த்துவிடுங்கள்

புரோகிராம் தொடங்கும் கோப்பில், அங்கே மட்டும்:

சாவி = சூழல் மாறியிலிருந்து எடு
அனுப்பி = புதிய எஸ்எம்எஸ்அனுப்பி(சாவி, முகவரி, 10 விநாடி)
பதிவு = புதிய படகுப்பதிவு(அனுப்பி)
பதிவை ஓட்டு

எஸ்எம்எஸ்அனுப்பி என்ற பெயர் இந்தக் கோப்பையும் அதன் சொந்தக் கோப்பையும் அதன் டெஸ்டையும் தவிர வேறெங்கும் வரக் கூடாது. எடிட்டரில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். நான்காவது கோப்பு வந்தால் வேலை முடியவில்லை.

சாவி இல்லாவிட்டால் இங்கேயே நிறுத்துங்கள். முதல் பதிவு வரும்வரை காத்திருந்து தோற்பதைவிட, தொடங்கும்போதே தோற்பது நல்லது. காலை 6 மணிப் படகுக்கு முதல் நாள் இரவு பதிபவர் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

9. இப்போது டெஸ்ட்

குறைந்தது மூன்று. நாளைக்குப் பதிந்தால் போலியின் லிஸ்டில் ஒரு செய்தி இருக்க வேண்டும், அதில் திகதியும் இருக்கை எண்ணும் இருக்க வேண்டும். இன்றைக்குப் பதிந்தால் பிழை வர வேண்டும், லிஸ்ட் வெறுமையாக இருக்க வேண்டும். தோல்வியடை என்பதை ஆம் ஆக்கினால் பதிவு சேமிக்கப்பட்டே இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பெரும்பாலானவர்கள் எழுதுவதில்லை. போலி இல்லாமல் அதை எழுதுவது கடினம், ஏனென்றால் உண்மையான கேட்வேயை வேண்டிய நேரத்தில் தோற்கவைக்க உங்களால் முடியாது.

ஜாவாவில் எழுதினால், எல்லா அனுப்பிகளும் பின்பற்ற வேண்டிய விதிகளை ஓர் அப்ஸ்ட்ராக்ட் டெஸ்ட் கிளாஸில் எழுதுங்கள்: வெற்றுச் செய்தியை மறுக்க வேண்டும், தோல்வியில் அனுப்புதல்பிழை மட்டுமே வெளியே வர வேண்டும். ஒவ்வொரு அனுப்பிக்கும் அதிலிருந்து ஒரு பிள்ளை டெஸ்ட். ஜேயூனிட் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை நேரடியாக ஓட்டாது, பிள்ளைகளில் அந்த டெஸ்ட்களை ஓட்டும்.

இரண்டாவது டெஸ்டை எழுத உட்கார்ந்ததும் ஒரு தடை வரும். "இன்று" என்பது நாளுக்கு நாள் மாறும். அதற்குத்தான் அடுத்த படி.

10. கடிகாரத்தையும் வெளியே எடுங்கள்

இதைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வேலையில் உண்மையான பயணியைப் பாதிக்கும் பிழை ஒளிந்திருப்பது இங்கேதான்.

இலங்கை நேரம் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் நிற்கிறது. பல சேர்வர்கள் பொது நேரத்தில் ஓடுகின்றன. 12ஆம் திகதி அதிகாலை 5.00 மணிக்கு ஒருவர் நிலாவெளியில் தொலைபேசியைத் திறந்து 12ஆம் திகதிப் படகுக்குப் பதிகிறார். சேர்வரின் கணக்கில் நேரம் 11ஆம் திகதி இரவு 11.30. அதற்கு 12 என்பது நாளை, ஆகவே பதிவை ஏற்றுக்கொள்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்பும் படகுக்கு, படகோட்டிக்கே தெரியாத ஒரு பயணி சேர்ந்துவிட்டார். நள்ளிரவு முதல் அதிகாலை 5.30 வரை ஒவ்வொரு நாளும் இந்த ஓட்டை திறந்திருக்கும். மடிக்கணினியில் ஓட்டும்போது தெரியாது, ஏனென்றால் அது இலங்கை நேரத்தில் ஓடுகிறது.

அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் கடிகாரம்
    அப்ஸ்ட்ராக்ட் மெதட் இப்போது()
    பூட்டிய மெதட் இன்று()
        இப்போது() தரும் நேரத்தைக் கொழும்பு நேர வலயத்துக்கு மாற்றித் திகதியை மட்டும் கொடு

நேர வலயத்தை மாற்றும் வேலை எல்லாக் கடிகாரங்களுக்கும் பொது, ஆகவே தாய் கிளாஸில். இப்போது என்பது எப்போதும் வலயம் குறித்த நேரத்தைத் தர வேண்டும் என்ற விதியையும் அங்கேயே எழுதிவையுங்கள். நேர வலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு ஏசியா/கொலம்போ என்ற பெயர் இருக்கிறது, 5.30 என்று கையால் கூட்டாமல் அதைப் பயன்படுத்துங்கள்.

பிள்ளைகள் இரண்டு. ஒன்று கணினியைக் கேட்கும். மற்றது நீங்கள் கொடுத்த நேரத்திலேயே நிற்கும். நின்ற கடிகாரத்தில் பொது நேரம் 11ஆம் திகதி 23.30 என்று வைத்து, 12க்குப் பதிவது மறுக்கப்படுகிறதா என்று டெஸ்ட் எழுதுங்கள். அடுத்ததை 11ஆம் திகதி 18.29க்கு எழுதுங்கள், அது இங்கே இரவு 11.59, பதிவு ஏற்கப்பட வேண்டும். இந்த இரண்டும் தேறினால் எல்லை சரி.

பருவ விதியும் இதே வழியில் வரும். வாடைக் காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் பதிவை மூட வேண்டுமானால், நவம்பர் மாதத் திகதியோடு ஒரு நின்ற கடிகாரம் போதும். டெஸ்டுக்காக நவம்பர்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பதிவேடு மூன்றாவது. இரண்டைச் செய்தவருக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை: தேவையை எழுதி, போலியை எழுதி, பிறகு டேட்டாபேஸ் கிளாஸ். ஒன்றை மட்டும் கவனியுங்கள். எஸ்கியூஎல் வாக்கியத்தை உள்ளீடாக வாங்கும் மெதட்டை அப்ஸ்ட்ராக்ட் கிளாஸில் வைக்காதீர்கள். போலியால் எஸ்கியூஎல்லை வாசிக்க முடியாது.

11. கொன்டெய்னர் எப்போது

எட்டாம் படியில் கையால் கோர்த்ததைத் தானாகச் செய்துதரும் கருவிதான் கொன்டெய்னர். கோர்க்கும் கோப்பு ஒரு திரைக்குள் அடங்கும்வரை கொன்டெய்னர் தேவையில்லை. அதைத் தாண்டினால், அல்லது ஃபிரேம்வேர்க்கே அதைக் கேட்டால், பயன்படுத்துங்கள். ஏற்கெனவே கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்திருப்பதால் கிளாஸ்களுக்குள் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

செய்யக் கூடாத ஒன்று: கொன்டெய்னரையே படகுப்பதிவுக்குள் கொடுத்து, "அனுப்பியை எடுத்துத் தா" என்று உள்ளே கேட்பது. கிளாஸுக்கு என்னென்ன தேவை என்பது கன்ஸ்ட்ரக்டரைப் பார்த்தால் தெரியாமல் போய்விடும்.

ஸ்பிரிங்கில் ஒரே அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கு இரண்டு பிள்ளைகளைப் பதிந்தால், எது வேண்டும் என்று தெரியாமல் தொடங்கும்போதே நின்றுவிடும். ஒன்றை முதன்மை என்று குறியுங்கள், அல்லது பெயரிட்டுக் கேளுங்கள். அப்ஸ்ட்ராக்ட் கிளாஸின் மேலேயே கொம்பொனென்ட் குறியைப் போட்டுவிட்டு ஏன் வரவில்லை என்று தேடுபவர்களும் உண்டு. குறி பிள்ளையின் மேல் இருக்க வேண்டும்.

டொட் நெட்டில் ஆயுட்காலத்தைப் பாருங்கள். படகுப்பதிவை சிங்கிள்டன் ஆகவும் பதிவேட்டை ஸ்கோப்ட் ஆகவும் பதிந்தால், ஒரு கோரிக்கைக்கு மட்டும் வாழ வேண்டிய டேட்டாபேஸ் இணைப்பை, புரோகிராம் முடியும்வரை வாழும் ஒப்ஜெக்ட் பிடித்துவைத்துக்கொள்ளும். நீண்ட ஆயுள் உள்ளது குறுகிய ஆயுள் உள்ளதைப் பிடிக்கக் கூடாது. டெவலப்மென்ட் சூழலில் இதை அதுவே சோதித்துப் பிழை காட்டும். புரொடக்‌ஷனில் அந்தச் சோதனை இயல்பாக அணைந்திருக்கும்.

12. அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேட

பைத்தனில் "அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை உருவாக்க முடியாது" என்ற டைப் பிழை, பிள்ளைக் கிளாஸை உருவாக்கும் வரியில் வந்தால், மெதட்டின் பெயரை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு குறி மாறியிருக்கும். உள்ளீடுகளின் எண்ணிக்கை மாறியிருந்தால் பைத்தன் அங்கே எதுவும் சொல்லாது. அழைக்கும்போதுதான் பிழை வரும்.

சி ஷார்ப்பில் ஓவர்ரைடு (override) என்ற சொல்லை விட்டால் கம்பைலர் நிறுத்தும். ஜாவாவில் அந்தக் குறிப்புக் கட்டாயமில்லை, ஆனாலும் எப்போதும் போடுங்கள். பெயர் பிழைத்தால் அந்த வரியிலேயே காட்டும்.

கன்ஸ்ட்ரக்டருக்கு ஐந்தாறு உள்ளீடுகள் வந்துவிட்டால் பிழை இன்ஜெக்‌ஷனில் இல்லை. அந்தக் கிளாஸ் இரண்டு மூன்று வேலைகளைச் செய்கிறது. செய்தியை எழுதும் வேலை, இருக்கையை எண்ணும் வேலை என்று அதைப் பிரியுங்கள்.

அனுப்பிக்குப் பதிவு வேண்டும், பதிவுக்கு அனுப்பி வேண்டும் என்று சுற்றினால் கையால் கோர்க்கவே முடியாது. முதலில் எதை உருவாக்குவது என்று தெரியாமல் அந்தக் கோப்பிலேயே நிற்பீர்கள். அப்போது செட்டர் போட்டுத் தப்பிக்காதீர்கள். அனுப்பி பதிவிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பயணியின் பெயர், இலக்கம் போன்ற ஒரு தகவல்தான். அதைப் பயணி ஒப்ஜெக்ட்டுக்குள் வைத்து அனுப்பு மெதட்டின் உள்ளீடாகக் கொடுத்தால் சுற்று அறுந்துவிடும்.